மன்னாரில் இன்னும் அளக்கப்படாதவை

மன்னார் மாவட்டத்தில் உயர்தரக் கணிதப் பிரிவிலும் விஞ்ஞானப் பிரிவிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு,

பரீட்சைக்காக நீங்கள் பாடமாக்குகிற பௌதிகவியலில் பாதி உங்கள் வீட்டு வாசலிலேயே நடந்திருக்கிறது. ஒலி அலையின் தெறிப்பு, திரவங்களின் அடர்த்தி, காற்றின் இயக்கசக்தி ஆகியவற்றை வைத்துக்கொண்டு அரை நூற்றாண்டுக்கு மேலாக அரசுகள் நமது தீவையும் கடலையும் துருவி ஆராய்ந்து வந்திருக்கின்றன. இலங்கை அரசு செய்தது, சோவியத் அரசு செய்தது, அமெரிக்க அரசு செய்தது. யப்பான் அரசின் கப்பல் ஒன்றும் வந்து போனது. இதில் ஒரு வரிகூட உங்கள் பாடப் புத்தகத்தில் இல்லை. அந்தக் கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதில் விடுபட்டுப்போன வேலை ஒன்றை உங்கள் கையில் தரவும் வேண்டும். இரண்டுக்குமாகத்தான் இந்த மடல்.

பேசாலையிலிருந்து தொடங்குகிறேன்.

1973 ஒக்ரோபரில் மத்திய கிழக்கில் போர் மூண்டது. அரபு நாடுகள் எண்ணெயை இறுக்கிப் பிடித்தன. பீப்பாய் மூன்று டொலர் அளவில் விற்ற எண்ணெய் சில மாதங்களுக்குள் பன்னிரண்டு டொலரை நெருங்கியது. நம் நாட்டில் பாணுக்கு விடியப்புறமே வரிசையில் நின்ற காலம் அது. உங்கள் அம்மம்மாவையோ அப்பப்பாவையோ கேட்டுப் பாருங்கள், இன்றைக்கும் சொல்வார்கள். அந்த நெருக்கடிக்கு நடுவில், 1974இல், இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் சோவியத் நிபுணர்களின் உதவியோடு பேசாலையில் துளையிட்டது. இலங்கையில் எண்ணெய் தேடித் தோண்டப்பட்ட முதலாவது ஆழ்கிணறு நமது தீவில்தான் இருக்கிறது.

தேடல் அதற்கு முன்னரே தொடங்கியிருந்தது. 1960களின் பிற்பகுதியில் பிரெஞ்சு நிறுவனம் ஒன்று இந்தப் பகுதியில் நில அதிர்வு ஆய்வு செய்தது. அடுத்த தசாப்தத்தின் தொடக்கத்தில் சோவியத் குழுவினர் கடலிலும் அதைத் தொடர்ந்தார்கள். அந்த ஆய்வின் தத்துவம் நீங்கள் படித்ததுதான். நிலத்தில் சிறிய வெடி ஒன்றை வெடிக்க வைப்பார்கள். அதிர்வு கீழே இறங்கும். ஒரு பாறைப் படை முடிந்து வேறு அடர்த்தியுள்ள இன்னொரு படை தொடங்கும் இடத்தில் அதில் ஒரு பங்கு தெறித்து மேலே வரும். நிலத்தில் வரிசையாகப் பதித்த கருவிகள் அது திரும்பி வந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளும். போய்வர இரண்டு செக்கன், பாறையில் அதிர்வின் சராசரி வேகம் செக்கனுக்கு 2,500 மீற்றர் என்றால் அந்தப் படை எத்தனை மீற்றர் ஆழத்தில் இருக்கிறது? வகுப்பில் கிணற்றுக்குள் கல் போட்டுச் செய்யும் கணக்கின் அண்ணன் இது. விடை 2,500 மீற்றர். பேசாலைக் கிணறும் ஏறக்குறைய அந்த ஆழத்துக்குத்தான் இறங்கியது.

அடுத்தடுத்து மூன்று கிணறுகள் தோண்டினார்கள். வணிக அளவில் எண்ணெய் கிடைக்கவில்லை. 1976இல் பாக்கு நீரிணையில் அமெரிக்க நிறுவனம் ஒன்று தோண்டியது. 1981இல் மன்னார் வளைகுடாவில் இன்னொரு நிறுவனம் ‘பேர்ள்-1’ என்ற கிணற்றைத் தோண்டியது. அவையும் வெறுங்கையாகவே முடிந்தன. ‘தோல்வி’ என்று ஒரு சொல்லில் பத்திரிகைகள் இதை முடித்துவிடும். நீங்கள் அப்படி முடித்துவிடக் கூடாது. எண்ணெய் இல்லாத கிணறும், இந்த மண்ணுக்குக் கீழே எந்த ஆழத்தில் எந்தப் படை இருக்கிறது, எங்கே சுண்ணக்கல் முடிகிறது, எங்கே ஆதிகாலப் பாறை தொடங்குகிறது என்பதை அடுத்து வருபவருக்குச் சொல்லிவிடுகிறது. இந்தியாவும் இலங்கையும் மடகஸ்காரும் அந்தாட்டிக்காவும் ஒரே கண்டமாக இருந்து பிரியத் தொடங்கியபோது நடுவில் தாழ்ந்த பள்ளங்களில் ஒன்றுதான் மன்னார்ப் படுகை. அதன் அயலிலுள்ள காவிரிப் படுகையில், எதிர்க்கரையில், நரிமணத்தில் 1980களில் இந்திய அரசின் எண்ணெய் எரிவாயு ஆணைக்குழு எண்ணெய் எடுத்தது. ஆகவே பேசாலையில் தேடியவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு தேடவில்லை. அன்றைய கருவிகளாலும் அன்றைய பணத்தாலும் எட்டக்கூடிய இடத்தில் தேடினார்கள். எரிவாயு இருந்ததோ இன்னும் தெற்கே, ஆழ்கடலில்.

பிறகு யுத்தம் வந்தது. அதை நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1990இல் முஸ்லிம் மக்கள் ஒரே மூச்சில் இந்த மாவட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். தமிழ் மக்கள் மடுவுக்கும் இராமேஸ்வரத்துக்கும் மாறி மாறி ஓடினார்கள். உங்கள் பெற்றோரில் பலர் முகாமில் இருந்து படித்தவர்கள். ஆராய்ச்சியும் அந்தக் காலத்தில் பெரும்பாலும் நின்றுபோனது.

2001இல், போர் நிறுத்தத்துக்குச் சற்று முன்னர், ரி.ஜி.எஸ் நோபெக் என்ற நோர்வேத் தொடர்புள்ள நிறுவனம் மன்னார் வளைகுடாவில் மறுபடியும் அதிர்வு ஆய்வு செய்தது. 2005இல் அதை விரிவாக்கியது. அரசு கடலைத் துண்டுகளாகப் பிரித்து ஏலத்துக்கு விட்டது. 2008இல் ஒரு துண்டு கெய்ர்ன் நிறுவனத்துக்குப் போனது. 2011 ஓகஸ்ட்டில் துளையிட வந்தது ‘சிக்கியூ’ என்ற யப்பானியக் கப்பல்.

இந்தக் கப்பலின் கதையை நீங்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். அது எண்ணெய்க் கம்பனிக்காகக் கட்டப்பட்ட கப்பல் அல்ல. பூமியின் மேலோட்டைத் துளைத்து உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்காக யப்பான் அரசு மக்கள் பணத்தில் கட்டி 2005இல் முடித்த ஆராய்ச்சிக் கப்பல். 210 மீற்றர் நீளம். நமது வளைகுடாவுக்கு அது வாடகைக்கு வந்தது. கடலடித் தரையை எட்டவே 1,300 மீற்றருக்கு மேல் தண்ணீர். அதற்கும் கீழே துளைத்து, ‘டொராடோ’ என்று பெயரிட்ட கிணற்றில் 25 மீற்றர் தடிப்புள்ள மணற்பாறைப் படையில் எரிவாயு கண்டார்கள். 2011 ஒக்ரோபர் தொடக்கத்தில் அறிவித்தார்கள். அடுத்த மாதம் ‘பரகூடா’ என்ற இரண்டாவது கிணற்றிலும் எரிவாயு கிடைத்தது. அதற்குப் பின் தோண்டிய கிணறுகள் கைகொடுக்கவில்லை. 2015இல் கெய்ர்ன் விலகிப் போய்விட்டது. எரிவாயு இன்றைக்கும் அங்கேயே கிடக்கிறது.

நான் சொல்ல வந்தது அந்தக் கப்பல் மன்னாருக்கு வந்ததற்கு அடுத்த வருடத்தைப் பற்றி. 2011 மார்ச்சில் யப்பானில் பெரும் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்தன. 2012இல் அதே சிக்கியூ, யப்பான் அகழியில், ஏறக்குறைய ஏழு கிலோமீற்றர் தண்ணீருக்குக் கீழே இருந்த தரையில், அந்த நிலநடுக்கத்தில் வழுக்கிய பிளவையே துளைத்தது. பாறை வழுக்கியபோது உராய்வால் எவ்வளவு வெப்பம் பிறந்தது என்று அறிய அந்தத் துளைக்குள் வெப்பமானிகளை இறக்கி வைத்தார்கள். இவ்வளவு பெரிய அலை ஏன் எழுந்தது என்று அறிவதற்காகத்தான் இத்தனை பாடு. ஒரே கப்பல், அதே துளைக்கும் கருவி. மன்னாரில் அதனிடம் கேட்ட கேள்வி ‘விற்க என்ன இருக்கிறது’. யப்பானில் கேட்ட கேள்வி ‘எங்கள் சனம் ஏன் செத்தது’. கருவி ஒருபோதும் கேள்வி கேட்பதில்லை. கேள்வியைத் தீர்மானிப்பவர் யார் என்பதில்தான் நமது கதையின் முடிச்சு இருக்கிறது.

காற்றுக்கு வருவோம். சோளகம் எப்போது எழும், கச்சான் எப்போது மாறும், வாடை எப்போது விழும் என்பதை நமது கடற்றொழிலாளர் எந்தக் கருவியும் இல்லாமல் சொல்வார்கள். அந்த அறிவை வைத்துத்தான் தீவின் வடகரைக்கும் தென்கரைக்கும் வாடியை மாற்றினார்கள். ஆனால் வங்கிக்கு அது போதாது. கடன் கொடுப்பவனுக்கு மீற்றரும் செக்கனும் வேண்டும்.

எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்க அரசு கொலராடோ மாநிலத்தில் சூரியசக்தி ஆராய்ச்சி நிறுவகம் ஒன்றை ஏற்படுத்தி 1977இல் திறந்தது. 1991இல் அது தேசிய புதுப்பிக்கத்தக்க சக்தி ஆய்வுகூடம் ஆனது. அங்குள்ள விஞ்ஞானிகள் 2003இல் இலங்கைக்கும் மாலைதீவுக்கும் ஒரு காற்றுவள வரைபடப் புத்தகம் தயாரித்து வெளியிட்டார்கள். மின்சார சபையின் அளவீட்டுக் கம்பங்களிலிருந்து கிடைத்த தரவுகளையும் கடலின் மேல் வீசும் காற்றைச் செய்மதியிலிருந்து கணித்த தரவுகளையும் சேர்த்துச் செய்த வேலை அது. இலங்கை நிலப்பரப்பில் நல்ல காற்றுள்ள இடங்களில் மட்டும் ஏறக்குறைய 20,000 மெகாவாற் நிறுவலாம் என்று அது மதிப்பிட்டது. கற்பிட்டியிலிருந்து மன்னார் வழியாக யாழ்ப்பாணம் வரையிலான கரையோரம் அந்த வரைபடத்தில் நன்றாகவே நிறம் ஏறித் தெரிகிறது. நமது காற்றுக்கு விலை விழுந்த புத்தகம் என்று அதைச் சொல்வேன்.

இன்று தீவின் தென்கரையோரம் நிற்கும் தம்பபவனியின் முப்பது காற்றாலைகளுக்கும் ஒரு வம்சம் உண்டு. அவை டென்மார்க்கின் வெஸ்டாஸ் நிறுவனம் செய்தவை. ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற், மொத்தம் 103.5. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் மின்சார சபை அமைத்து 2020 டிசம்பர் 8ஆம் திகதி திறந்து வைத்தது. டென்மார்க்கில் ரிசோ என்ற அரச ஆய்வுகூடம் அணுசக்திக்கென 1958இல் திறந்து வைக்கப்பட்டது. அங்கே 1978இல் சிறு காற்றாலைகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் நிலையம் ஒன்றை அமைத்தார்கள். பட்டறைகளில் செய்த காற்றாலைகள் அங்கே போய்ச் சோதனைக்கு நின்று, குறை திருத்தப்பட்டு, மெல்ல மெல்லப் பெருத்தன. அரசு மக்கள் பணத்தை ஆராய்ச்சியில் போட்டதன் பேரப்பிள்ளைகள்தான் நடுக்குடாவில் சுற்றுகின்றன.

அதே 1978இல் டென்மார்க்கில் இன்னொன்றும் நடந்தது. ற்விண்ட் என்ற இடத்தில் பள்ளிக்கூட ஆசிரியர்களும் மாணவர்களும் உதவிக்கு வந்த ஊரவர்களும் மூன்று வருடம் பாடுபட்டுத் தங்கள் கையால் ஒரு காற்றாலை கட்டி முடித்தார்கள். அதன் சுழலி 54 மீற்றர் விட்டம். அந்தக் காலத்தில் உலகின் மிகப் பெரிய காற்றாலைகளில் ஒன்று. பள்ளிக்கூடம் கட்டியது! ஆராய்ச்சி என்றால் கொழும்பிலிருந்து வாகனத்தில் வந்து இறங்குவது என்று நீங்கள் நினைத்திருந்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் அந்த நாட்டில் ஒரு சட்டமும் வந்தது. காற்றாலை அமைக்கிறவர் அதன் பங்கில் குறைந்தது ஐந்தில் ஒரு பகுதியை அயலில் வசிப்பவர்களுக்கு விற்பனைக்கு வைக்க வேண்டும் என்று 2009 முதல் பல ஆண்டுகள் அது நடைமுறையில் இருந்தது. நமக்கு வந்தது காற்றாலை மட்டும். அதோடு சேர்ந்து வளர்ந்த பழக்கவழக்கங்கள் கப்பலில் ஏற்றப்படவில்லை.

எதிர்க்கரையிலும் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. பெண்பிள்ளைகள் இதைக் கவனமாக வாசியுங்கள். பீர்மேட்டில் 1918இல் பிறந்த அன்னா மணி என்ற பௌதிகவியலாளர் சி.வி. இராமனின் ஆய்வுகூடத்தில் தொடங்கி, இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த அளவீட்டுக் கருவிகளை உள்நாட்டிலேயே செய்ய வைத்தார். 1976இல் ஓய்வுபெற்ற பிறகும் ஓயவில்லை. நாடு முழுக்கக் காற்றை அளக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். ‘காற்று நல்லது’ என்று சொல்லி நிறுத்தாமல், இந்த ஊரில் இந்த மாதத்தில் இந்த மணிக்கு இவ்வளவு என்று தரவுகளைப் புத்தகமாக அச்சிட்டு, யாரும் எடுத்துப் பார்க்கும்படி வைத்தார். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் 1986இல் அரசு மாதிரிக் காற்றாலைகளை நிறுத்தியது. முப்பந்தல் காற்றாலைகள் பிறகு வந்தன. நமது வளைகுடாவின் மறுகரையில் இது நடந்தபோது இங்கே துவக்குச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். தம்பபவனிக் காற்றாலை ஒன்றின் சுழலி 126 மீற்றர் விட்டம். அது வளைக்கும் பரப்பு ஏறக்குறைய 12,500 சதுர மீற்றர். காற்றின் அடர்த்தியைக் கன மீற்றருக்கு 1.2 கிலோகிராம் என்று வையுங்கள். செக்கனுக்கு 8 மீற்றர் வேகத்தில் காற்று வீசினால் அந்த வட்டத்துக்குள் புகும் வலு 3.8 மெகாவாற்றுக்குச் சற்று மேல். வேகம் பாதியாகி 4 மீற்றர் ஆனால்? வலு பாதியாகாது, எட்டில் ஒன்றாகிவிடும். வேகத்தின் மும்மடிக்கு அல்லவா வலு ஏறுகிறது. அதிலும் எவ்வளவு நல்ல இயந்திரம் என்றாலும் 59 வீதத்துக்கு மேல் எடுக்க முடியாது என்று ஜேர்மனியரான பெட்ஸ் நூறு வருடத்துக்கு முன்பே கணித்துவிட்டார். ஏன் மலையடிவாரத்தில் நிறுத்தாமல் நமது கரையைத் தேடி வருகிறார்கள் என்பதற்கு இந்த மும்மடிக் கணக்கே போதும். காற்றின் வேகத்தில் ஒரு மீற்றர் வித்தியாசம் கோடிக்கணக்கான ரூபாய்.

இனி, விடுபட்ட வேலைக்கு வருகிறேன்.

2022இல் அதானி நிறுவனத்துக்கு மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற்றுக்கு இடம் கொடுக்க உடன்பாடு ஆனது. விலை பற்றியும் பறவைகள் பற்றியும் கேள்விகள் எழுந்து உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போனது. 2025 பெப்ரவரியில் அந்த நிறுவனம் விலகியது. வேறு காற்றாலைகளுக்கான பாகங்கள் வரத் தொடங்கியதும் அதே வருடம் ஓகஸ்ட்டில் மன்னார்ப் பட்டினத்தில் மக்கள் இரவு பகலாகத் தெருவில் நின்றார்கள். உங்களில் பலரும் நின்றிருப்பீர்கள். அங்கே சொல்லப்பட்டதை நினைவுபடுத்துங்கள். காற்றாலைக்குப் போட்ட பாதைகள் மழைத்தண்ணீர் ஓடும் வழியை அடைத்துவிட்டன, முன்பு ஓரிரு நாளில் வடிந்த வெள்ளம் இப்போது கிழமைக்கணக்கில் நிற்கிறது என்றார்கள். கரையில் மீன்பாடு குறைந்துவிட்டது என்றார்கள். கிணறு உவர்க்கிறது என்றார்கள். எதிர்த் தரப்பிலிருந்து வந்த பதில் எப்போதும் ஒன்றுதான்: ஆதாரம் எங்கே?

அந்தக் கேள்வி என்னை மிகவும் வருத்துகிறது. நிலத்துக்குக் கீழே இரண்டரைக் கிலோமீற்றர் ஆழத்தில் என்ன இருக்கிறது என்று அறிய அரசிடம் பணம் இருந்தது. ஆயிரத்து முந்நூறு மீற்றர் தண்ணீருக்குக் கீழே பார்க்க ஆள் இருந்தது. கனிய மணலுக்காக நமது தீவில் ஆயிரக்கணக்கான துளைகள் போட்டு மண்ணை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நமது வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, போன வருடம் எத்தனையில் நின்றது என்று கேட்டால் கூட்டத்தில் எடுத்துக் காட்ட எங்கள் கையில் ஒரு தாள் இல்லை. அளக்கப் பணம் போட்டவர்கள் விற்கக்கூடியதை அளந்தார்கள். வாழ்வதற்கு வேண்டியதை அளக்கும் வேலை அப்படியே கிடக்கிறது. பிறகு நம்மிடமே ஆதாரம் கேட்கிறார்கள்.

இது இன்று தொடங்கியதும் அல்ல. 1902இல் பேராசிரியர் ஹேர்ட்மன் முத்துச் சிப்பிகளை ஆராய வந்தார். உதவிக்கு ஜேம்ஸ் ஹோணல். காலனி அரசு கேட்க, இலண்டன் றோயல் சொசைற்றி ஐந்து தொகுதிகளாக அந்த அறிக்கையை வெளியிட்டது. விஞ்ஞானம் என்ற வகையில் அருமையான வேலை. சிலாவத்துறைக்கும் அரிப்புக்கும் அப்பாலுள்ள முத்துப் பார்களில் சிப்பி ஏன் ஒரு வருடம் குவிகிறது, மறு வருடம் ஏன் மறைகிறது என்று கண்ணும் கருத்துமாகத் தேடினார்கள். அந்த அறிக்கையின் மை காய்வதற்குள், 1906இல், அரசு முத்துக்குளிப்பை இருபது வருடக் குத்தகைக்கு ஒரு கம்பனியிடம் கொடுத்துவிட்டது. சிப்பி வரவில்லை, கம்பனி மூடப்பட்டது. குளித்துச் சிப்பி எடுத்தவர்களிடம் யாரும் எதையும் கேட்டதாக அந்தக் கதையில் வருவதில்லை.

எல்லா ஆராய்ச்சியும் அப்படி என்று சொல்லமாட்டேன். கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் சம்பத் செனவிரத்னவும் அவரது மாணவர்களும் மன்னாரில் கடற்காகங்களுக்கு நுண்கருவி பூட்டிப் பறக்கவிட்டார்கள். அவை இந்தியாவைக் கடந்து ரஷ்யாவின் வடதுருவக் கரை வரை போய், மறுபடி நமது கரைக்கே வந்தன. வங்காலையில் நீங்கள் கல்லெறிந்து விரட்டுகிற பறவை வடதுருவ வட்டாரத்தில் குஞ்சு பொரிக்கிறது! காற்றாலை எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்ற விவாதத்தில் அந்தத் தரவுக்கு ஒரு கனம் இருக்கிறது. அளந்து பார்த்த பறவைகளுக்காக ஒருவர் எழுந்து நின்று பேச முடிகிறது. கிணறுகளுக்காகவும் அப்படிப் பேச முடிய வேண்டும்.

கிணற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விடுங்கள். நமது தீவின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து சில மீற்றர்தான் உயரம். மணலுக்குள் இறங்கும் மழைநீர், அடியில் ஊறியிருக்கும் கடல்நீரின் மேல் ஒரு வில்லை வடிவில் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 1.000 கிராம், கடல்நீருடையது ஏறக்குறைய 1.025. இரண்டின் அமுக்கத்தையும் சமன்படுத்திப் பாருங்கள். நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் 10 சென்ரிமீற்றர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே 4 மீற்றர் வரை நன்னீர் இருக்கும். நாற்பது மடங்கு. கெய்பன், ஹேர்ட்ஸ்பேர்க் என்ற இருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவையொட்டித் தனித்தனியே கண்ட விதி இது. இதன் மறுபக்கம்தான் நமக்கு முக்கியம். மேலே நீர்மட்டம் 5 சென்ரிமீற்றர் இறங்கினால், உப்பு 2 மீற்றர் ஏறி வரும். ஒரு விரல் நீளத் தண்ணீருக்கு ஓர் ஆளுக்கு மேற்பட்ட ஆழம் கடனாக நிற்கிறது.

இப்போது வெள்ளப் பிரச்சினையை இதோடு சேர்த்துப் பாருங்கள். மாரியில் நிற்கும் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருகிறது, உடனே வெட்டிக் கடலுக்கு விடு என்கிறோம். நியாயமான கோபம். ஆனால் எல்லாத் தண்ணீரையும் ஒரே வெட்டில் கடலுக்கு விட்டுவிட்டால் நன்னீர் வில்லைக்குள் இறங்க வேண்டியதும் போய்விடும். ஆடியில் கிணறு உவர்க்கும். எந்தத் தாழ்நிலத்தில் எவ்வளவு நாள் நிற்கலாம், எந்த மதகை எவ்வளவு அகலமாக்க வேண்டும், எந்தப் பாதையின் கீழ் புதிதாகப் போக்கு வைக்க வேண்டும் என்பதைச் சென்ரிமீற்றர்க் கணக்கில் அறியாமல் சரியாகச் செய்ய முடியாது. மக்களின் முறைப்பாடு சரியா பிழையா என்பதைக் காட்டவும் அதே அளவுதான் வேண்டும். தம்பபவனிப் பாதைதான் காரணம் என்றால் அளவு காட்டிக் கொடுக்கும். பட்டினத்தில் எங்கள் ஆட்களே மூடிக் கட்டிய வாய்க்கால்தான் காரணம் என்றால் அதையும் காட்டிக் கொடுக்கும். இரண்டையும் ஏற்றுக்கொள்ளும் மனத்தோடு அளக்க வேண்டும்.

இதற்குச் சிக்கியூ தேவையில்லை. தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அறிய, அதன் மின்கடத்துதிறனைக் காட்டும் கையடக்கமான கருவி சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கலாம். முடிச்சுப் போட்ட கயிறோ அளவு நாடாவோ போதும். கிழமையில் ஒரே நாள், ஒரே நேரம், மோட்டர் போடுவதற்கு முன் அளவெடுங்கள். கிணற்றுக் கட்டின் விளிம்பில் ஒரு இடத்தில் பெயின்ற்றால் குறி வைத்து எப்போதும் அங்கிருந்தே அளவெடுங்கள். கரைக்குக் கிட்டிய கிணறு என்றால் வற்றுப்பெருக்கின் நேரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். தரை மட்டம் பார்க்க மேசன்மார் பயன்படுத்தும் தண்ணீர் நிறைத்த ஒளிபுகும் குழாய் போதும். ஒரு மதகின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மழை பெய்த மறுநாள் தண்ணீர் என்ன உயரத்தில் நிற்கிறது என்று அதால் ஒரு சென்ரிமீற்றருக்குள் சொல்லிவிடலாம். அந்த இரண்டு இலக்கங்களும் திகதியும் ஒரு படமும் இருந்தால் மாவட்டச் செயலகத்தில் எவரும் உங்களை ‘ஆதாரம் எங்கே’ என்று கேட்க முடியாது.

மீன்பாட்டுக்கும் தரவு இருக்கிறது. அது சம்மாட்டிமாரின் கணக்குக் கொப்பிகளில் இருக்கிறது. பங்கு பிரிப்பதற்காகக் கரைவலைப் பாடுகளில் எழுதி வைத்த கணக்கு. எந்த நாள், எத்தனை பெட்டி, என்ன மீன், என்ன விலை. காற்றாலைக்கு முன்னும் பின்னும் அந்தக் கொப்பிகள் பேசும். மீன் குறைந்ததற்கு இந்திய இழுவைப் படகுகள் கடலடியை வழித்தது காரணமா, கடல் வெப்பம் காரணமா, கரையில் சுற்றும் இயந்திரங்கள் காரணமா என்பதை நான் முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லமாட்டேன், நீங்களும் சொல்லாதீர்கள். வெற்றிலைக் கறையும் உப்புக் கறையும் படிந்து பல வீடுகளின் பரணில் கிடக்கும் அந்தக் கொப்பிகளைக் கறையான் அரிக்க முன் படம் எடுத்து வையுங்கள். கொடுக்கச் சம்மதிப்பவரிடம் மட்டும், அவர் பெயரை வெளியே விடமாட்டோம் என்ற வாக்கோடு.

ஏற்கெனவே அரசு அளந்ததையும் கேட்டு வாங்குங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. ஏன் கேட்கிறாய் என்று கேட்க எந்த அலுவலருக்கும் உரிமை இல்லை. தமிழிலேயே எழுதலாம். பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். பேசாலைக் கிணறுகளின் பாறைப் பதிவு, தம்பபவனிக்கு முன் அளந்த காற்றுத் தரவு, பாதைகளுக்கும் மதகுகளுக்கும் போட்ட உயர மட்டங்கள், நிலத்தடி நீர் அளவுகள் என்று ஒவ்வொன்றையும் தனித்தனி விண்ணப்பமாகக் கேளுங்கள். ஒரே கடிதத்தில் எல்லாவற்றையும் கேட்டால் ஒன்றும் வராது. பாறைப் பதிவுக்குப் பெற்றோலிய அபிவிருத்தி அதிகாரசபை, காற்றுக்கு மின்சார சபையும் நிலைபெறுதகு வலுசக்தி அதிகாரசபையும், தண்ணீருக்கு நீர்வள சபை. உங்கள் பெயரில் கேட்கத் தயக்கம் என்றால் ஆசிரியர் ஒருவரின் பெயரில் கேளுங்கள். நான் என் பெயரைத் தரத் தயார்.

உங்களில் சிலர் பொறியியலுக்குப் போவீர்கள், சிலர் மருத்துவத்துக்கு. சிலர் வெளிநாடு போவீர்கள், அதில் பிழை இல்லை. ஒரு சிலராவது நிலவியலும் நீரியலும் வளிமண்டலவியலும் படித்துவிட்டு இங்கே திரும்பி வர வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன். அடுத்த முறை ஒரு கப்பலோ ஒரு கம்பமோ நமது கரைக்கு வரும்போது, எதை அளப்பது என்று தீர்மானிக்கும் மேசையில் பேசாலைப் பிள்ளை ஒன்றும் எருக்கலம்பிட்டிப் பிள்ளை ஒன்றும் வங்காலைப் பிள்ளை ஒன்றும் இருக்க வேண்டும். மூன்று பேரும் சேர்ந்து இருக்க வேண்டும். நிலத்தடித் தண்ணீர் கோயில் பார்த்தோ பள்ளிவாசல் பார்த்தோ தேவாலயம் பார்த்தோ பிரிந்து நிற்கவில்லை.

ஐப்பசி மழை தொடங்க முன் ஒவ்வொரு ஊரிலும் ஐந்து கிணறுகளைத் தெரிவு செய்யுங்கள். கடற்கரையோரம் ஒன்று, தீவின் நடுவில் ஒன்று, காற்றாலைப் பாதைக்கு அருகே இரண்டு, பாதைக்குத் தூரத்தில் ஒப்பிடுவதற்கு ஒன்று. வீட்டுக்காரரிடம் அனுமதி கேளுங்கள். முதல் அளவை மழைக்கு முன்னரே எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் பிறகு எதோடு ஒப்பிடுவீர்கள்? பாடசாலைக்கு ஒரு கொப்பி போதும். ஆய்வுகூடத்தில் பூட்டி வைக்காமல் நூலகத்தில், யாரும் எடுத்துப் பார்க்கும் இடத்தில் வையுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர்,
மன்னார்.